ஜான் ஜி. கெமெனி

ஜான் ஜார்ஜ் கெமெனி (மே 31, 1926 – டிசம்பர் 26, 1992) ஹங்கேரியில் பிறந்த அமெரிக்கக் கணிதவியலாளரும், கணினி அறிவியலாளரும், கல்வியாளரும் ஆவார். தாமஸ் கர்ட்ஸ் என்பவருடன் இணைந்து 1964ஆம் ஆண்டில் பேசிக் என்னும் நிரல்மொழியை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் பரவலாக அறியப்படுகிறார். 1970 முதல் 1981 வரை அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியின் தலைவராகப் பணியாற்றினார். 1979இல் நிகழ்ந்த திரீ மைல் தீவு அணு உலை விபத்தை ஆராய அமைக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கும் இவரே தலைமை தாங்கினார்.

1970களின் பிற்பகுதி முதல் 1990களின் தொடக்கம் வரை பல நாடுகளிலும் கணினியை முதன்முதலாகத் தொட்டவர்களில் பெரும்பாலோர் கற்ற முதல் நிரல்மொழி பேசிக் ஆகும். கணினி மனத்தில் வைத்திருக்கும் எண்ணைக் கண்டுபிடித்தல், நிலவில் விண்கலத்தை மெதுவாக இறக்குதல், குகைக்குள் ஒளிந்திருக்கும் விலங்கை வேட்டையாடுதல் போன்ற எளிய விளையாட்டுகளைச் சில பத்து வரிகளில் தாமே எழுதி இயக்கிப் பார்த்த அந்தத் தலைமுறையினர் இம்மொழியை இன்றும் பற்றுடன் நினைவுகூர்கின்றனர். அம்மொழியை வகுத்த கெமெனியோ கணினித் துறையிலிருந்து வந்தவர் அல்லர். அவர் தருக்கவியலிலும் மெய்யியலிலும் பயிற்சி பெற்ற கணித ஆசிரியர். கணினி வல்லுநரை உருவாக்குவதைவிட, வல்லுநர் அல்லாதவருக்குக் கணினியைத் திறந்துவிடுவதே அவருடைய நோக்கமாக இருந்தது.

இளமை

கெமெனி ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தொடக்கக் கல்வியை அந்நகரிலேயே பெற்றார். 1938இல் நாட்சி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக் கொண்டபோது, அடுத்து வரவிருப்பதை உணர்ந்த தந்தை தனியாக அமெரிக்கா சென்றார். 1940இல் குடும்பத்தினர் அவரைப் பின்தொடர்ந்து நியூயார்க் நகரை அடைந்தனர். கெமெனியின் பாட்டனார் ஊரைவிட்டு வர மறுத்துவிட்டார். அவரும் உறவினர் சிலரும் பின்னர் யூத இனப்படுகொலையில் உயிரிழந்தனர்.

நியூயார்க்கை அடைந்தபோது கெமெனியின் ஆங்கில அறிவு மிகக் குறைவு. எனினும் மன்ஹாட்டனிலுள்ள ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் மூன்றே ஆண்டுகளில் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். 1943இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கணிதத்தையும் மெய்யியலையும் பயின்றார்.

லாஸ் அலமோஸ்

கல்லூரிப் படிப்பின் இடையில், 1945இல், கெமெனி அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்டு லாஸ் அலமோஸுக்கு அனுப்பப்பட்டார். அணுகுண்டு ஆக்கத்திற்கான மன்ஹாட்டன் திட்டத்தின் கணிப்பு மையத்தில், ரிச்சர்ட் ஃபெயின்மனின் கீழ் அவர் பணி செய்தார். அவ்வாண்டிலேயே அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார்.

அம்மையத்தில் இருந்தவை இன்றைய பொருளில் கணினிகள் அல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் துளையட்டைப் பொறிகளே அங்கு வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொரு பொறியும் கூட்டல், பெருக்கல், அட்டைகளை வரிசைப்படுத்தல் போன்ற ஏதேனும் ஒரு வேலையை மட்டும் செய்யும். அட்டைக் கட்டுகளை ஒரு பொறியிலிருந்து எடுத்து அடுத்த பொறியில் வைப்பது மனிதர் வேலை. ஏறத்தாழ 20 பேர் மூன்று முறைகளாக இரவும் பகலும் உழைத்தும் ஒரு சமன்பாட்டுக்கு விடை காணச் சில வாரங்கள் ஆயின. பிற்காலத்தில் கெமெனி இதனை ஒப்பிட்டு எழுதியுள்ளார். அத்தனை பேர் ஓராண்டு முழுவதும் செய்த கணிப்பை, 1970 வாக்கில் டார்ட்மவுத்தின் இளநிலை மாணவர் ஒருவர் ஒரே பிற்பகலில், அதுவும் வேறு நூறு பேர் அதே கணினியைப் பயன்படுத்திக் கொண்டிருக்கும்போதே செய்து முடிக்க இயலும் என்பது அவர் கணக்கு.

நிரலையும் தரவையும் ஒரே நினைவகத்தில் வைத்து இயங்கும் எதிர்காலக் கணினியைப் பற்றி ஜான் வான் நியூமன் ஆற்றிய உரையொன்றையும் கெமெனி லாஸ் அலமோஸில்தான் கேட்டார். வான் நியூமனும் புடாபெஸ்டில் பிறந்தவரே. அத்தகைய பொறி ஒன்றைத் தம் வாழ்நாளில் பயன்படுத்த வேண்டும் என்ற அவா அந்த உரையினால் அவருக்கு உண்டாயிற்று.

பிரின்ஸ்டன்

போர் முடிந்து பிரின்ஸ்டன் திரும்பிய கெமெனி 1947இல் இளநிலைப் பட்டமும், 1949இல் அலான்சோ சர்ச்சின் வழிகாட்டலில் முனைவர் பட்டமும் பெற்றார். வகைக் கோட்பாட்டையும் கணக் கோட்பாட்டையும் ஒப்பிடுவது அவருடைய ஆய்வேடு. ஆய்வு மாணவராக இருந்த 1948–49 காலத்தில் பிரின்ஸ்டனில் உள்ள உயர்நிலை ஆய்வு நிறுவனத்தில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் கணித உதவியாளராகவும் இருந்தார். பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் பிரின்ஸ்டனிலேயே கற்பித்தார். அவற்றுள் இரண்டு ஆண்டுகள் மெய்யியல் துறையில் கழிந்தன. 1950இல் ஜீன் அலெக்சாண்டர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு பிள்ளைகள்.

டார்ட்மவுத்தில் ஆசிரியர் பணி

1953இல், 27 வயதில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹேனோவர் என்னும் சிற்றூரில் அமைந்த டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனி முழுநிலைப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். 1955 முதல் 1967 வரை அதன் கணிதத் துறைத் தலைவராக இருந்தார். லாரி ஸ்னெல், ஜெரால்ட் தாம்சன் ஆகியோருடன் சேர்ந்து 1957இல் வெளியிட்ட முடிவுறு கணிதப் பாடநூல், சமூக அறிவியல் மாணவர்களையும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டதாகும். நுண்கணிதம் பயிலாதவருக்கும் தருக்கம், நிகழ்தகவு, அணிகள் ஆகியவற்றைக் கற்பிக்க முடியும் என்பதை அந்நூல் காட்டியது. மார்க்கோவ் சங்கிலிகள் பற்றி அவர் ஸ்னெல்லுடன் எழுதிய நூலும் புகழ்பெற்றது.

1956இல் தாமஸ் கர்ட்ஸ் அக்கல்லூரியில் சேர்ந்தார். அப்போது டார்ட்மவுத்தில் கணினி இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்த ஐபிஎம் 704 கணினியைப் பகிர்ந்து கொள்ளும் உரிமை மட்டும் கல்லூரிக்கு இருந்தது. துளையட்டைகளைப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு கர்ட்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடர்வண்டியில் பாஸ்டன் சென்று வந்தார். நிரலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அதனைத் திருத்தி விடை பெற மேலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

1959இல் எழுதுமேசை அளவிலான எல்ஜிபி-30 என்னும் சிறு கணினியைக் கல்லூரி வாங்கியது. இதனைக் கெமெனியும் கர்ட்ஸும் தம்மிடமே வைத்துக் கொள்ளாமல் இளநிலை மாணவர்களிடம் விட்டனர். மாணவர்கள் அக்காலத்தில் வல்லுநர் குழுக்கள் மட்டுமே செய்து வந்த தொகுப்பி ஆக்கத்தைத் தாமே செய்து காட்டினர். பின்னர் பேசிக் உருவானபோது அதன் பின்னிருந்த அமைப்பைப் பெரும்பாலும் இளநிலை மாணவர்களே எழுதினர் என்பதற்கு இந்த அனுபவமே அடிப்படை. எளிய மொழி ஒன்றுக்கான முயற்சிகளும் இக்காலத்தில் நடந்தன. கெமெனி 1956இல் டார்சிம்கோ என்ற சுருக்கக் குறிமுறையை வகுத்தார். 1962இல் சிட்னி மார்ஷல் என்ற மாணவருடன் சேர்ந்து டோப் என்ற சோதனை மொழியை அமைத்தார். இரண்டும் நிலைக்கவில்லை. ஆயினும் வரிக்கு ஒரு கட்டளை, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் என்ற அமைப்பின் சாயலை டோப்பில் காணலாம்.

பேசிக் மொழியின் தோற்றம்

டார்ட்மவுத் மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே அறிவியல் அல்லது பொறியியல் பயின்றார். மற்றவர் வரலாறு, இலக்கியம், பொருளியல் போன்ற துறைகளைச் சேர்ந்தவர்கள். நாளைக்கு அரசிலும் வணிகத்திலும் கணினி பற்றிய முடிவுகளை எடுக்கப் போகிறவர்கள் அவர்களே என்று கெமெனி கருதினார். கணினியைப் பற்றி விரிவுரை கேட்பதால் மட்டும் அது புரியாது, ஒவ்வொருவரும் தாமே நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதில் அவரும் கர்ட்ஸும் உறுதியாக இருந்தனர்.

இதற்கு இரண்டு தடைகள் இருந்தன. முதலாவது, கணினி ஒரு நேரத்தில் ஒருவரின் வேலையை மட்டுமே செய்தது. நேரப்பகிர்வு முறையைக் கையாளலாம் என்ற கருத்தை ஜான் மெக்கார்த்தி கர்ட்ஸிடம் கூறியிருந்தார். கணினியின் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பல பயனர்களுக்கு மாற்றி மாற்றி அளித்தால், கணினி தமக்கென்றே இயங்குவதாக ஒவ்வொருவரும் உணர்வர். இரண்டாவது தடை மொழி. ஃபோர்ட்ரான் மொழியின் எளிய வடிவம் ஒன்றைப் பயன்படுத்தலாம் எனக் கர்ட்ஸ் முதலில் எண்ணினார். புதிய மொழியே வேண்டும் என்றவர் கெமெனி. ஃபோர்ட்ரானில் ஒரு மாறியின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து அது முழுவெண்ணா, பதின்ம எண்ணா என்பது முடிவாகும். விடையை அச்சிடுவதற்கோ தனியாக வடிவமைப்பு வரி எழுத வேண்டும். வரலாற்று மாணவர் ஒருவருக்கு இவை தேவையற்ற சுமை என்பது கெமெனியின் வாதம். அவருடைய மொழியில் எண் என்றால் எண்தான். அச்சிடச் சொன்னால் கணினி தானே ஒழுங்காக அச்சிடும்.

கெமெனி 1963இல் தொகுப்பியை எழுதத் தொடங்கினார். தேசிய அறிவியல் நிறுவனத்தின் நிதியுதவி கிடைத்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஜிஇ-225 கணினியும், தொலைத்தட்டச்சு முனையங்களைக் கவனிக்கும் டேட்டாநெட்-30 என்னும் துணைக்கணினியும் 1964 பிப்ரவரியில் வந்து சேர்ந்தன. இவ்விரண்டையும் இணைந்து இயங்க வைக்கும் பணியை ஜான் மெக்கீச்சி, மைக்கேல் புஷ் ஆகிய இளநிலை மாணவர்கள் ஏற்றனர். 1964 மே 1 அன்று விடியற்காலை 4 மணி அளவில், காலேஜ் ஹால் கட்டடத்தின் நிலவறையில், கெமெனியும் ஒரு மாணவரும் அடுத்தடுத்த முனையங்களில் அமர்ந்து ஒரே நேரத்தில் தத்தம் நிரலை இயக்கினர். இரு முனையங்களும் சரியான விடையை அச்சிட்டன. இதுவே பேசிக் மொழியின் பிறந்த நாளாகக் கொள்ளப்படுகிறது.

பேசிக் என்பது தொடக்கநிலையாளருக்கான பொதுநோக்கக் குறியீட்டுக் கட்டளைமுறை எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் ஆகும். முதல் வடிவத்தில் ஏறத்தாழ 15 வகைக் கட்டளைகளே இருந்தன. லெட் என்பது ஒரு மாறிக்கு மதிப்பு அளிக்கும். பிரிண்ட் அச்சிடும். இஃப் நிபந்தனையைச் சோதிக்கும். கோடூ வேறொரு வரிக்குத் தாவச் செய்யும். ஃபார், நெக்ஸ்ட் ஆகிய இரண்டும் சேர்ந்து ஒரு பணியைத் திரும்பத் திரும்பச் செய்யும் மடக்கை அமைக்கும்.

வரியெண்களின் பயன் இன்றைய மாணவருக்கு எளிதில் விளங்காது. அக்காலத்தில் திரை இல்லை. தொலைத்தட்டச்சுப் பொறி காகிதச் சுருளில் அச்சிடும், அவ்வளவே. எழுதிய நிரலில் 30ஆம் வரியில் பிழை இருந்தால், 30 என்று மீண்டும் தட்டித் திருத்திய வரியை எழுதினால் போதும். பழைய வரி நீங்கிப் புதியது அவ்விடத்தில் அமரும். இடையில் ஒரு வரி சேர்க்க வேண்டுமாயின் 35 என்று எண்ணிடலாம். இதற்காகவே வரிகள் 10, 20, 30 எனப் பத்துப் பத்தாக எண்ணிடப்பட்டன. கணினியுடன் பேசும் சொற்களும் அன்றாடச் சொற்களாகவே அமைந்தன. தொடங்குவதற்கு ஹலோ, இயக்குவதற்கு ரன், பட்டியலிடுவதற்கு லிஸ்ட், சேமிப்பதற்கு சேவ் எனத் தட்டினால் போதும்.

முதலாண்டுக் கணித வகுப்புகளில் கெமெனி நிரலெழுதும் பயிற்சியைச் சேர்த்தார். மொழியைக் கற்பிக்கச் சில விரிவுரைகளே ஒதுக்கப்பட்டன, எஞ்சியதை மாணவர் முனையத்தின் முன் அமர்ந்து தாமே கற்றனர். 1966 இறுதியில் கீவிட் கணிப்பு மையம் திறக்கப்பட்டது. நூலகத்தில் அடுக்கிலிருந்து நூலை எடுத்துப் படிக்க எவரும் காரணம் கூறத் தேவையில்லை அல்லவா, கணினியும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது கெமெனியின் கொள்கை. என்ன செய்கிறாய் என்று எவரும் மாணவரைக் கேட்கவில்லை. ஒரு மணி நேரக் கணினிப் பயன்பாட்டுக்குப் பெருந்தொகை கணக்கிடப்பட்ட காலத்தில் இது துணிவான முடிவு எனலாம். ஹேனோவர் உயர்நிலைப் பள்ளியும், பின்னர் நியூ இங்கிலாந்துப் பகுதியின் வேறு பல பள்ளிகளும் கல்லூரிகளும் தொலைபேசி வழியாக இக்கணினியுடன் இணைக்கப்பட்டன.

விளையாட்டு நிரல்கள்

தடையற்ற இப்பயன்பாட்டின் முதல் விளைவுகளில் ஒன்று விளையாட்டு. பேசிக்கின் முதல் வடிவத்தில், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது பயனரிடம் விடை கேட்கும் கட்டளை இல்லை. இன்புட் என்ற அக்கட்டளை பிந்தைய பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அது வந்தபின் கணினியுடன் மாறி மாறி ஆடுவது இயல்வதாயிற்று. மாணவர்கள் தாம் எழுதிய விளையாட்டுகளைப் பொது நிரல் நூலகத்தில் சேமித்தனர். பிறர் அவற்றை எடுத்து ஆடினர், பட்டியலிட்டுப் படித்தனர், மாற்றினர்.

கெமெனி இதனை வீண்செலவாகக் கருதவில்லை. கணினியைக் கண்டு அஞ்சுபவரின் தயக்கத்தைப் போக்க விளையாட்டைவிடச் சிறந்த வழி இல்லை என்பது அவர் கருத்து. தாமும் ஒரு விளையாட்டு எழுதினார். 1965இல் டார்ட்மவுத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி பிரின்ஸ்டனை வென்று அப்பருவத்தில் தோல்வியே காணாமல் முடித்தது. அவ்வெற்றியைக் கொண்டாடும் வகையில் அவர் எழுதிய எஃப்டிபால் என்ற நிரலில், ஆடுபவர் டார்ட்மவுத் அணியை நடத்துவார், கணினி பிரின்ஸ்டன் அணியை நடத்தும். பிரின்ஸ்டனில் இரு பட்டங்கள் பெற்றவர் இவ்வாறு எழுதியது சிறிது வேடிக்கையானதே.

இத்தகைய விளையாட்டுகளில் மிக எளியது எண்ணைக் கண்டுபிடித்தல் ஆகும். கணினி 1 முதல் 100 வரையுள்ள ஓர் எண்ணைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து கொள்ளும். ஆடுபவர் ஓர் எண்ணைக் கூற, அது பெரிது அல்லது சிறிது எனக் கணினி விடையளிக்கும். இதற்குப் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். ஆயினும் அவ்வரிகளில் மாறி, உள்ளீடு, நிபந்தனை, மடக்கு, சமவாய்ப்பு எண் ஆகிய நிரலாக்க அடிப்படைகள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் எஞ்சிய எண்களின் நடுவிலுள்ளதைக் கூறினால் ஏழு முயற்சிகளுக்குள் விடை கிடைத்தே தீரும். ஏனெனில் இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128 வரும், அது நூற்றைவிடப் பெரிது. இருமத் தேடல் என்று கணினி அறிவியலில் வழங்கும் முறையை, அதன் பெயர் தெரியாமலே சிறுவர் பலர் இவ்விளையாட்டின் வழியாகக் கண்டுகொண்டனர்.

டார்ட்மவுத்தும் அதன் ஆசிரியர்களும் பேசிக்கைப் பிறர் பயன்படுத்துவதற்குத் தடை ஏதும் விதிக்கவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் அதனைத் தன் வணிக நேரப்பகிர்வுச் சேவையில் சேர்த்துக் கொண்டது. 1968இல் சியாட்டில் நகரின் லேக்சைடு பள்ளியில் நிறுவப்பட்ட முனையம் அச்சேவையுடன் இணைக்கப்பட்டிருந்தது. அங்கு மாணவராக இருந்த பில் கேட்ஸ் அம்முனையத்தில் எழுதிய முதல் நிரல், ஒன்பது கட்டங்களில் ஆடும் பெருக்கல்–வட்ட விளையாட்டாகும்.

வேறு மொழிகளில் பிறந்த விளையாட்டுகளும் பேசிக்கிற்கு வந்து சேர்ந்தன. மனிதன் நிலவில் இறங்கிய 1969ஆம் ஆண்டில் ஜிம் ஸ்டோரர் என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் ஃபோகல் மொழியில் நிலவிறங்கும் விளையாட்டை எழுதினார். பண்டைய சுமேர நாட்டை ஆள்பவர் நிலம் வாங்கி, தானியம் விதைத்து, மக்களைப் பசியின்றிக் காக்க வேண்டிய விளையாட்டும் அம்மொழியிலேயே தோன்றியது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய டேவிட் ஆல் இவற்றின் பேசிக் வடிவங்களையும் பிறர் அனுப்பிய நிரல்களையும் தொகுத்து, 1973இல் 101 விளையாட்டுகள் கொண்ட நூலை வெளியிட்டார். அதன் திருத்திய பதிப்பு 1978இல் வந்தது. பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்ற முதல் கணினி நூல் அதுவே. கிரெகரி யாப் 1973 வாக்கில் எழுதிய வம்பஸ் வேட்டை குறிப்பிடத்தக்க மற்றொரு படைப்பாகும். சதுரக் கட்டங்களில் நடக்கும் தேடல் விளையாட்டுகள் சலித்துப் போன அவர், பன்னிரண்டு முகங்கள் கொண்ட திண்மத்தின் இருபது முனைகளையும் குகையின் இருபது அறைகளாகக் கொண்டு இதனை அமைத்தார். இவை எவற்றிலும் படம் இல்லை. காகிதத்தில் அச்சாகும் சில சொற்களே ஆடுபவரின் மனத்தில் குகையையும் நிலவையும் எழுப்பின.

வீட்டுக் கணினிகளில் பேசிக்

1975இல் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேர் நுண்கணினிக்கு எழுதிய பேசிக், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் முதல் விற்பனைப் பொருளாயிற்று. 1977இல் வந்த ஆப்பிள் II கணினியை வடிவமைத்த ஸ்டீவ் வோஸ்னியாக், பந்தால் செங்கற்களை உடைக்கும் பிரேக்அவுட் விளையாட்டைத் தம் பேசிக் மொழியிலேயே எழுத முடிய வேண்டும் என்பதற்காக நிறம், ஒலி, கைப்பிடி ஆகியவற்றுக்கான வசதிகளை அக்கணினியில் சேர்த்தார். ஒரு கணினியின் அமைப்பையே ஓர் எளிய விளையாட்டு தீர்மானித்த நிகழ்வு இது.

1980களின் வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் மின் இணைப்பு கொடுத்தவுடன் பேசிக்கில் விழித்தன. கமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், பிபிசி மைக்ரோ ஆகியவை அத்தகையன. நிரல் எழுதுவதற்கு எதையும் தேடவோ நிறுவவோ தேவையில்லை, ஒளிர்விழியே அழைப்பாக இருந்தது. இதழ்களில் அச்சான நிரல்களைச் சிறுவர்கள் வரிவரியாகத் தட்டி, ஒலிநாடாவில் சேமித்து, தட்டச்சுப் பிழைகளைத் தேடித் திருத்தி ஆடினர். பிழை தேடிய அந்த மணி நேரங்களே பலருக்கு நிரலாக்கப் பாடமாயின. இந்தியாவில் 1984இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டமான கிளாஸ், பிபிசி மைக்ரோ கணினிகளைப் பயன்படுத்தியது. எனவே இந்திய மாணவர் பலருக்கும் பேசிக்கே முதல் மொழி. 1991இல் எம்எஸ்-டாஸ் 5 இயங்குதளத்துடன் வந்த கியூபேசிக், வாழைப்பழம் எறியும் கொரில்லாக்கள், எண்களை விழுங்கும் பாம்புகள் ஆகிய இரு விளையாட்டுகளைத் திறந்த நிரல்களாகவே கொண்டிருந்தது. கொரில்லா எறியும் பழத்தின் வெடிப்பைப் பெரிதாக்க எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று தேடத் தொடங்கியவர்கள் அடுத்த சில நாட்களில் தாமே நிரல் எழுதலாயினர்.

பேசிக்கிற்கு எதிர்ப்பும் இருந்தது. இம்மொழியைக் கற்பவரின் சிந்தனை நிலையாகக் கெட்டுவிடுகிறது என்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975இல் கடுமையாகக் கண்டித்தார். இக்கண்டனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் டைக்ஸ்ட்ராவின் கவலை வல்லுநராகப் போகிறவரைப் பற்றியது. கெமெனி மொழி வகுத்ததோ மற்ற எல்லோருக்கும். இருவரும் வெவ்வேறு மாணவர்களை மனத்தில் கொண்டிருந்தனர் எனலாம்.

கல்லூரித் தலைவர்

1970 மார்ச் 1 அன்று கெமெனி டார்ட்மவுத்தின் 13ஆம் தலைவராகப் பொறுப்பேற்றார். இரண்டே மாதங்களில், கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்பு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடெங்கும் கல்லூரிகள் கொந்தளித்த அவ்வேளையில் அவர் ஒரு வாரத்துக்கு வழக்கமான வகுப்புகளை நிறுத்தி, மாணவரும் ஆசிரியரும் கூடி விவாதிக்க வழிசெய்தார். டார்ட்மவுத்தில் வன்முறை நிகழவில்லை.

1769இல் நிறுவப்பட்ட அக்கல்லூரி அதுவரை ஆடவருக்கு மட்டுமே இளநிலைக் கல்வி அளித்து வந்தது. பழைய மாணவர் பலரின் எதிர்ப்புக்கு இடையே, 1972இல் பெண்கள் இளநிலை மாணவராகச் சேர்க்கப்பட்டனர். மாணவர் எண்ணிக்கை கூடியதால் எழுந்த இடநெருக்கடியைத் தீர்க்க, ஆண்டு முழுவதும் கல்லூரி இயங்கும் திட்டம் வகுக்கப்பட்டது. அமெரிக்கப் பழங்குடியினரின் கல்விக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி அந்நோக்கத்தை நெடுங்காலம் மறந்திருந்தது. கெமெனி அவர்களைச் சேர்ப்பதற்கான திட்டத்தைப் புதுப்பித்தார். தலைவர் பொறுப்பில் இருந்த காலத்திலும் வகுப்பெடுப்பதை அவர் கைவிடவில்லை. கணினியும் மனிதனும் ஒன்றையொன்று சார்ந்து வாழும் எதிர்காலம் பற்றிய அவருடைய நூல் 1972இல் வெளிவந்தது.

திரீ மைல் தீவு ஆணைக்குழு

1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் உலையின் உட்பகுதி ஓரளவு உருகியது. அதனை ஆராய அதிபர் ஜிம்மி கார்ட்டர் அமைத்த பன்னிருவர் ஆணைக்குழுவுக்குக் கெமெனி தலைமை ஏற்றார். அறிக்கை அவ்வாண்டு அக்டோபரில் அளிக்கப்பட்டது. கருவிகளின் கோளாற்றைவிட, இயக்குநரின் பயிற்சிக் குறைவும் மேற்பார்வை அமைப்பின் மெத்தனமுமே பெருங்காரணம் என அது கண்டது. விபத்தின் தொடக்க நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே ஒலித்து ஒளிர்ந்தன. அவற்றுள் எது முதன்மையானது என்று அறிய இயக்குநருக்கு வழியில்லை. பொறியை மனிதருக்கு விளங்கும்படி அமைக்க வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு முன் முனையங்களின் முன்னால் வாதிட்டவருக்கு இக்காட்சி புதிதாக இருந்திராது.

ட்ரூ பேசிக்

1981இல் தலைவர் பொறுப்பிலிருந்து விலகிய கெமெனி மீண்டும் கணித ஆசிரியரானார். வீட்டுக் கணினிகளில் வழங்கிய பேசிக்கைக் கண்டு அவரும் கர்ட்ஸும் மகிழவில்லை. டார்ட்மவுத்தில் மொழி தொடர்ந்து வளர்ந்து, வரியெண்களும் கோடூவும் இன்றியே ஒழுங்கான கட்டமைப்புடன் நிரல் எழுதும் நிலையை எட்டியிருந்தது. வெளியுலகிலோ சிறு நினைவகத்துக்காகக் குறுக்கப்பட்ட பல வடிவங்கள் பரவி, ஒரு கணினியில் எழுதியது மற்றொன்றில் ஓடாத நிலை இருந்தது. தம் மொழி தெருவில் சிதைந்துவிட்டது என்பது இருவரின் வருத்தம்.

1983இல் இருவரும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி ட்ரூ பேசிக் என்ற திருத்தமான வடிவத்தை உருவாக்கினர். 1985இல் பேசிக்கின் வரலாற்றையும் அதன் சிதைவையும் கூறும் நூல் ஒன்றையும் எழுதினர். ட்ரூ பேசிக் கல்வி நிலையங்கள் சிலவற்றில் இடம்பெற்றதே தவிர, சந்தையைப் பிடிக்கவில்லை. மக்கள் ஏற்கெனவே தம் கணினியில் இருந்ததையே கற்றுவிட்டனர். இன்று ஏக்கத்துடன் நினைக்கப்படும் பேசிக், பெரும்பாலும் கெமெனி ஏற்காத அந்தக் குறுகிய வடிவங்களே என்பது இவ்வரலாற்றின் முரண். அதே வேளையில், அவ்வடிவங்கள் இல்லாதிருந்தால் கோடிக்கணக்கான வீடுகளுக்கு அம்மொழி சென்றிருக்காது.

மறைவு

1985இல் மின்னியல், மின்னணுவியல் பொறியாளர் கழகத்தின் கணினி முன்னோடி விருது கெமெனிக்கு வழங்கப்பட்டது. 1990இல் ஓய்வு பெற்றார். 1992 டிசம்பர் 26 அன்று, தம் 66ஆம் வயதில், நியூ ஹாம்ப்ஷயரில் இதயச் செயலிழப்பினால் காலமானார்.

1990களின் இடையில் புதிய இயங்குதளங்கள் வந்தபின், கணினியை இயக்கியவுடன் நிரல் எழுதும் வசதி மறைந்தது. விசுவல் பேசிக் போன்றவற்றில் பெயர் மட்டும் தொடர்ந்தது. பழைய கணினிகளைப் போன்மிகளில் இயக்கி அக்காலத்து விளையாட்டுகளை மீட்டு வைப்போர் பல நாடுகளில் உள்ளனர். 2014இல் டார்ட்மவுத் கல்லூரி பேசிக்கின் 50ஆம் ஆண்டைக் கொண்டாடியது. 2019இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், அம்மொழி பிறந்ததைக் குறிக்கும் வரலாற்றுப் பலகையை ஹேனோவர் செல்லும் நெடுஞ்சாலையோரம் நிறுவியது. தாமஸ் கர்ட்ஸ் 2024 நவம்பரில், தம் 96ஆம் வயதில் மறைந்தார்.